இருக்கக் கூடாத தனிமம்: முதிய செம்பெருமீன்களில் டெக்னீசியம் – ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்க வானியலாளர் பால் மெரில் 1952இல் எஸ் வகை விண்மீன்களின் நிறமாலை பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அந்த வகையைத் தனியாகப் பிரித்துக் காட்டியவரும் அவர்தான். எஸ் வகை என்பவை குளிர்ந்து, வீங்கி, வாழ்வின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் சிவப்பு விண்மீன்கள். சாதாரண செம்பெருமீன்களின் ஒளியில் டைட்டானியம் ஆக்சைடின் பட்டைகள் மேலோங்கித் தெரியும். இவற்றிலோ சிர்க்கோனியம் ஆக்சைடின் பட்டைகள் தெரியும். மெரிலின் பட்டியலில் இருந்த ஆர் ஆண்ட்ரோமீடே, சுமார் 409 நாளுக்கு ஒருமுறை பிரகாசித்து மங்கும் மாறொளி விண்மீன். உச்சத்தில் வெறும் கண்ணுக்கு எட்டும் எல்லையில் இருக்கும். மங்கும்போது 15ஆம் ஒளித்தரம் வரை இறங்கிவிடும் (எண் கூடக் கூட ஒளி மங்கல்).

இந்த விண்மீன்களின் நீலப் பகுதி ஒளியில் 4238, 4262, 4297 ஆங்ஸ்ட்ராம் அலைநீளங்களில் மெரில் கருங்கோடுகளைக் கண்டார். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளியை விழுங்குவதால் விழும் தடங்கள் இவை. செம்பெருமீன் நீலத்தில் மிகக் குறைவாகவே ஒளிரும். போதாததற்கு அந்தப் பகுதி முழுக்க ஆயிரக்கணக்கான கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அந்த நெரிசலில் மூன்று கோடுகளை அடையாளம் சொல்ல வேண்டுமானால், அவை ஆய்வகத்தில் முன்பே துல்லியமாக அளக்கப்பட்டிருக்க வேண்டும். நல்லவேளையாக அதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்புதான் அமெரிக்கத் தேசியத் தரப் பணியகத்தில் மெகர்ஸ், ஸ்கிரிப்னர் இருவரும் 43ஆம் தனிமத்தின் நிறமாலையை அளந்து முடித்திருந்தார்கள். கோடுகள் பொருந்தின. விண்மீனில் இருந்தது டெக்னீசியம்.

இதில் என்ன சிக்கல்? டெக்னீசியத்துக்கு நிலையான ஐசோடோப்பு (நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் அணு வகை) ஒன்றுகூடக் கிடையாது. 1937இல் பெரியே, செக்ரே இருவரும் அதை முதன்முதலில் பிரித்தெடுத்ததே பெர்க்லி சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் அடிபட்ட மாலிப்டினத் தகட்டிலிருந்துதான். நமக்கு இங்கே முக்கியமான டெக்னீசியம்-99இன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், சுமார் 2.1 லட்சம் ஆண்டுகள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சூரியன் முழுவதுமே டெக்னீசியம்-99ஆல் ஆனது என்று வைத்துக்கொண்டால், அதில் 10இன் 55ஆம் அடுக்கு அளவில் அணுக்கள் இருக்கும். பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போனால் சுமார் 183 அரை ஆயுளில் கடைசி அணுவும் தீர்ந்துபோகும். அதாவது 4 கோடி ஆண்டுகள் போதும். சூரியனைவிடச் சற்றுக் கனமான விண்மீன் இந்த முதுமையை எட்டவே 100 கோடி முதல் 300 கோடி ஆண்டுகள் எடுக்கும். ஆகவே பிறக்கும்போது கூடவே வந்த சரக்காக இது இருக்க முடியாது. அந்த விண்மீன் அதைச் சமீபத்தில், தனக்குள்ளேயே செய்திருக்க வேண்டும்.

தனிமங்கள் எல்லாம் பெருவெடிப்பிலேயே ஒரே மூச்சில் உண்டாகிவிட்டன என்ற கருத்துக்கு அன்று கணிசமான செல்வாக்கு இருந்தது. அதற்கு எதிராக இதைவிட நேரடியான சான்று இன்றுவரை கிடைக்கவில்லை என்பது என் கருத்து. கனத் தனிமங்கள் பற்றிப் பேசும்போதெல்லாம் சூப்பர்நோவா வெடிப்புதான் முதலில் நினைவுக்கு வருகிறது. படம் போட்டுக் காட்ட அது வசதியாக இருக்கிறது. ஆனால் இரும்பைவிடக் கனமான தனிமங்களில் ஏறக்குறையப் பாதி, வெடிக்காமல் மெல்லக் கசிந்து அடங்கும் விண்மீன்களில் நிதானமாக உண்டானவை.

வேறு வழியில் வந்திருக்குமா?

எந்த வழக்கிலும் மாற்று விளக்கங்களை முதலில் கழித்துக் கட்ட வேண்டும். யுரேனியம் பிளவுபட்டாலும் டெக்னீசியம் உண்டாகும்; பூமியின் யுரேனியத் தாதுக்களில் காணும் மிகச் சொற்பமான டெக்னீசியம் அப்படி வந்ததுதான். ஆனால் எஸ் வகை விண்மீன்களில் டெக்னீசியம் தனியாக வரவில்லை. ஸ்ட்ரான்சியம், இட்ரியம், சிர்க்கோனியம் ஒரு கூட்டமாகவும், பேரியம், லாந்தனம், சீரியம் இன்னொரு கூட்டமாகவும் இயல்புக்கு மீறி நிறைந்திருக்கின்றன. முதல் கூட்டம் அணுக்கருவில் 50 நியூட்ரான் இருக்கும் இடத்திலும், இரண்டாவது 82 நியூட்ரான் இருக்கும் இடத்திலும் விழுகிறது. நியூட்ரான் கூடுகள் நிரம்பி மூடும் எண்கள் இவை. இந்த எண்களை எட்டிய அணுக்கரு மேலும் ஒரு நியூட்ரானை எளிதில் ஏற்காது. அதனால் சரக்கு அங்கே தேங்கும். அணுக்கருக்கள் நியூட்ரான்களை ஒவ்வொன்றாக விழுங்கி வளர்ந்தால்தான் இப்படிப்பட்ட தேக்கம் தெரியும். பிளவு இந்தத் தடத்தை விட்டுச் செல்லாது.

இன்னொரு சாத்தியம் துணை விண்மீன். அதைக் கடைசியில் பார்க்கலாம். அங்கேதான் வழக்கே ஒரு திருப்பம் எடுக்கிறது.

1957இல் மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ், வில்லியம் ஃபௌலர், ஃபிரெட் ஹாய்ல் நால்வரும் எழுதிய நெடுங்கட்டுரையும், அதே ஆண்டு அலஸ்டேர் கேமரன் தனியாக எழுதியதும் இந்தச் செயல்முறைக்கு முழு வடிவம் கொடுத்தன. மெதுவான நியூட்ரான் பிடிப்பு என்பது அதன் பெயர். மெரிலின் மூன்று கோடுகள் அந்த வாதத்தின் முக்கியமான தூண்களில் ஒன்று.

நியூட்ரான் எங்கிருந்து வருகிறது

சூரியனைப் போல 0.8 மடங்கு முதல் 8 மடங்கு வரை நிறை கொண்ட விண்மீன்களின் கடைசிக் கட்டம் விசித்திரமான அமைப்பு. நடுவில் கார்பனும் ஆக்சிஜனும் நிறைந்த கரு; ஏறத்தாழ பூமியின் பருமனில் சூரிய நிறையில் பாதிக்கு மேல் அடைபட்டிருக்கும். அதைச் சுற்றி ஹீலியம் எரியும் ஓடு, அதற்கு மேல் ஹைட்ரஜன் எரியும் ஓடு. அதற்கும் வெளியே, சூரியனைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு ஆரத்துக்கு ஊதிப் பெருத்த உறை. கனத் தனிமங்கள் விளையும் நிலம் இந்த இரண்டு ஓடுகளுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைப்பகுதி. அதன் நிறை சூரிய நிறையில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான்.

ஹைட்ரஜன் ஓடு எரிந்து ஹீலியத்தைக் கீழே குவித்துக்கொண்டே இருக்கும். குவியல் ஓர் அளவைத் தாண்டியதும் ஹீலியம் ஓடு திடீரென்று பற்றிக்கொள்ளும். இந்த வெப்பத் துடிப்புகளை 1965இல் மார்ட்டின் ஷ்வார்ட்ஷில்டும் ரிச்சர்டு ஹெர்மும் கணினிக் கணக்கீட்டில் கண்டறிந்தார்கள். துடிப்பு சில நூறு ஆண்டுகளில் அடங்கிவிடும். அடுத்த துடிப்புக்குப் பல ஆயிரம் முதல் ஒரு லட்சம் ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

நியூட்ரான் சுதந்திரமாக இருந்தால் சுமார் கால் மணி நேரத்தில் சிதைந்துவிடும். எனவே அதை அங்கேயே, அப்போதே உண்டாக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, கார்பன்-13 ஒரு ஹீலியக் கருவை ஏற்று ஆக்சிஜன்-16 ஆகி, ஒரு நியூட்ரானைத் துப்புவது. இதற்கு சுமார் 9 முதல் 10 கோடி கெல்வின் வெப்பம் போதும். இரண்டாவது, நியான்-22 அதேபோல மெக்னீசியம்-25 ஆவது. இதற்கு 30 கோடி கெல்வின் பக்கம் வேண்டும். எடை குறைந்த விண்மீன்களில் முதல் வழியும், கனமானவற்றில் இரண்டாவதும் மேலோங்கும்.

முதல் வழியில் ஓர் இடறல் உண்டு. ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பலில் கார்பன்-13 போதிய அளவு மிஞ்சுவதில்லை. அதனால் உறையிலிருந்து கொஞ்சம் ஹைட்ரஜன் கீழே இறங்கி, அங்குள்ள கார்பன்-12உடன் சேர்ந்து புதிதாகக் கார்பன்-13ஐ உண்டாக்க வேண்டும். அந்தக் கொஞ்சம் என்பது அளவாக இருக்க வேண்டும். கூடினால் கார்பன்-13 நைட்ரஜன்-14ஆக மாறிவிடும். நைட்ரஜன்-14 கிடைக்கிற நியூட்ரானையெல்லாம் தானே விழுங்கிவிடும். சரியான அளவில் கலந்த இந்தச் சிறு அடுக்கைத்தான் ஆய்வாளர்கள் கார்பன்-13 பை என்கிறார்கள். ஹைட்ரஜன் எந்த விசையால், எந்த ஆழத்துக்கு இறங்குகிறது என்பதில் இன்னும் ஒருமித்த முடிவில்லை. கொதிப்பு எல்லை மீறிச் சிந்துவது என்று ஒரு தரப்பு, காந்தப்புலம் என்று இன்னொரு தரப்பு. பெரும்பாலான கணினி மாதிரிகளில் இந்தப் பையின் பருமன் ஏதோ ஒரு விதத்தில் கையால் திருகிச் சரிசெய்யப்பட்ட எண்தான். இந்தத் துறையின் நுணுக்கமான அட்டவணைகளைப் பார்க்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

நியூட்ரான் கிடைத்த பிறகு நடப்பது எளிது, நேரம்தான் பிடிக்கும். விதையாக இருப்பது இரும்பு-56. விண்மீன் பிறந்த மேகத்திலேயே அது இருந்தது. அடுத்தடுத்த இரண்டு பிடிப்புகளுக்கு இடையே பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் இடைவெளி இருக்கும். அதற்குள் நிலையற்ற கரு பீட்டாச் சிதைவுக்கு ஆளாகி, அதாவது ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, அடுத்த தனிமமாகிவிடும். நம் வழக்குக்குரிய கணுவை மட்டும் பார்ப்போம். மாலிப்டினம்-98 ஒரு நியூட்ரானை ஏற்று மாலிப்டினம்-99 ஆகிறது. அது 66 மணி நேர அரை ஆயுளில் டெக்னீசியம்-99 ஆகிறது. இன்னொரு நியூட்ரான் வந்தால் டெக்னீசியம்-100. அது விநாடிகளில் ருத்தேனியம்-100. இந்தப் பாதை டெக்னீசியம்-97, 98 இரண்டையும் தொடுவதில்லை. அவற்றுக்கு அரை ஆயுள் 40 லட்சம் ஆண்டுகளுக்கு மேல். ஆனால் இங்கே நாம் பார்ப்பது குறுகிய ஆயுள் கொண்ட 99தான். அதனால் கடிகாரம் இன்னும் கறாராகிறது.

மேலே வருவது

உள்ளே எவ்வளவு விளைந்தாலும் அங்கேயே கிடந்தால் பால்வெளிக்கு ஒரு பயனும் இல்லை. கருவுக்குள் போய்ச் சேர்வதெல்லாம் கடைசியில் வெண்குறுமீனாக இறுகி நிரந்தரமாகப் பூட்டப்படும். இந்த வழக்கில் அணு வினைகளைவிடப் போக்குவரத்துக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன்.

துடிப்பின்போது மேலடுக்குகள் விரிந்து குளிரும். ஹைட்ரஜன் ஓடு தற்காலிகமாக அணைந்துபோகும். அப்போது உறையின் கொதிப்பு ஓட்டம் கீழே இறங்கி, அணைந்த ஓட்டைத் தாண்டி, இடைப்பகுதியைத் தொட்டு அள்ளிக்கொண்டு மேலே வரும். மூன்றாம் தூர்வாரல் என்று இதைச் சொல்வார்கள். கார்பனும் புது ஹீலியமும் கனத் தனிமங்களும் சேர்ந்தே மேலேறும். ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கார்பன் சேர்ந்து, மேற்பரப்பில் கார்பன் அணுக்களின் எண்ணிக்கை ஆக்சிஜனைத் தாண்டும் நாளில் அது கார்பன் விண்மீன் ஆகிவிடும். எஸ் வகை அந்த வழியில் நடுவில் உள்ள நிலை. சூரியனுக்கு இதற்குப் போதிய நிறை இல்லை; பெரிதாகத் தூர்வாரப் போவதில்லை.

மேற்பரப்பில் டெக்னீசியம் தெரிகிறது என்றால், தூர்வாரல் கடந்த சில லட்சம் ஆண்டுகளுக்குள் நடந்திருக்கிறது என்று பொருள். கணினி மாதிரி எதுவும் தேவையில்லாத முடிவு இது. இன்னொரு விஷயமும் உண்டு. மிக உயர்ந்த வெப்பத்தில் டெக்னீசியம்-99இன் அரை ஆயுள் கடுமையாகச் சுருங்கும். அதையும் மீறிப் பிழைத்து மேலே வந்திருக்கிறது.

டெக்னீசியம் இல்லாத எஸ் விண்மீன்கள்

எல்லா எஸ் விண்மீன்களிலும் டெக்னீசியம் இருந்திருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். சிலவற்றில் இல்லை. சிர்க்கோனியம் மிகுந்திருக்கிறது, பேரியம் மிகுந்திருக்கிறது, டெக்னீசியம் மட்டும் காணோம். இன்னொரு பக்கம் பேரியம் விண்மீன்கள் என்றொரு வகை இருக்கிறது; பிடெல்மன், கீனன் இருவரும் 1951இல் இனங்கண்டவை. இவை வெப்பத் துடிப்புக் கட்டத்தையே எட்டாத, அந்த அளவுக்கு ஒளி இல்லாத விண்மீன்கள். கனத் தனிமங்களைச் செய்ய இவற்றிடம் உலையே கிடையாது.

விடை 1980இல் ராபர்ட் மெக்ளூர் குழுவினரின் அளவீடுகளில் வந்தது. பேரியம் விண்மீன்கள் இரட்டை விண்மீன்களாக இருந்தன. ஒருகாலத்தில் துணையாக இருந்த பெருமீன் கனத் தனிமங்களைச் செய்து, காற்றாக ஊதித் தள்ளியிருக்கிறது. அதில் ஒரு பங்கை இந்த விண்மீன் வாங்கிக்கொண்டது. கொடுத்தது இன்று மங்கலான வெண்குறுமீன். வாங்கியது மட்டும் கண்ணில் படுகிறது. டெக்னீசியம் இல்லாத எஸ் விண்மீன்களும் இந்தக் குடும்பம்தான்: கைமாறிப் பல லட்சம் ஆண்டுகள் கடந்ததால் டெக்னீசியம் சிதைந்து முடிந்தது, நிலையான தனிமங்கள் நின்றுவிட்டன. சொந்தமாகச் சம்பாதித்ததா, கைமாறி வந்ததா என்று பிரிக்கும் சோதனையாக இன்று டெக்னீசியமே பயன்படுகிறது. மெரிலின் புதிர் அளவுகோலாக மாறிவிட்டது.

2015இல் டெக்னீசியம் உள்ள, இல்லாத இரு வகை எஸ் விண்மீன்களையும் சேர்த்து வைத்து ஓர் அழகான அளவீடு செய்தார்கள். லா பால்மா தீவில் உள்ள மெர்க்காட்டர் தொலைநோக்கி கொண்டு எஸ் விண்மீன்களில் நையோபியம், சிர்க்கோனியம் இரண்டையும் அளந்தார்கள். சிர்க்கோனியம்-93 சுமார் 15 லட்சம் ஆண்டு அரை ஆயுளில் நையோபியம்-93ஆகச் சிதையும். நையோபியத்துக்கு நிலையான ஐசோடோப்பு அது ஒன்றுதான். பழைய, கைமாறி வந்த சரக்கில் சிர்க்கோனியம்-93 முழுவதும் நையோபியமாகிவிட்டிருக்கும். அங்கே நையோபியத்தின் அளவு, சரக்கு தயாரான வெப்பநிலையைச் சொல்லிவிடும். புதுச் சரக்கில் டெக்னீசியத்தோடு சேர்த்துப் பார்த்தால் காலத்தைச் சொல்லும். வெப்பம் 25 கோடி கெல்வினுக்குக் கீழே என்றும், துடிப்புகள் தொடங்கி 10 முதல் 30 லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கும் என்றும் முடிவு வந்தது. இந்த எடையுள்ள விண்மீன்களில் நியூட்ரான் தருவது கார்பன்-13தான் என்பதற்கு விண்மீன்களிலிருந்தே கிடைத்த நேரடி ஆதாரம் இது.

தூசியில் அடைபட்ட சான்று

வெளியேற்றம் நடப்பதைக் கண்ணாலேயே பார்க்க முடிகிறது. பெருமீன் சுருங்கி விரியும்போது மேலெழும் வாயு, குளிர்ந்த உயரத்தில் தூசியாக உறையும். கார்பன் மிகுந்தால் கரித்தூசியும் சிலிக்கான் கார்பைடும். ஆக்சிஜன் மிகுந்தால் சிலிகேட். விண்மீனின் ஒளி தூசியைத் தள்ளும், தூசி வாயுவை இழுத்துக்கொண்டு போகும். வேகம் விநாடிக்கு 10, 15 கிலோமீட்டர்தான். ஆனால் உச்சக் கட்டத்தில் ஆண்டுக்குச் சூரிய நிறையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை வெளியேறும். 2012இல் ஆல்மா தொலைநோக்கி ஆர் ஸ்கல்ப்டோரிஸ் என்ற கார்பன் விண்மீனைச் சுற்றி வாயு ஓடு ஒன்றையும், அதற்குள் சுருளையும் படம் பிடித்தது. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஏறத்தாழ 200 ஆண்டுகள் நீடித்த ஒரு வெப்பத் துடிப்பில் வீசியெறியப்பட்டது அந்த ஓடு. சுருளை உண்டாக்கியது கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை. இரண்டு சூரிய நிறையோடு தொடங்கிய விண்மீன் கடைசியில் 0.6 மடங்கு நிறையுள்ள வெண்குறுமீனை விட்டுப் போகிறது என்றால், எடையில் 70 விழுக்காடு வெளியே போய்விட்டது.

போன தூசியில் ஒரு பகுதி நம் கைக்கே வந்திருக்கிறது. 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லை அமிலத்தில் கரைத்தபோது, கரையாமல் மிஞ்சியதில் மைக்ரான் அளவுள்ள சிலிக்கான் கார்பைடு துகள்கள் பின்னர் அடையாளம் காணப்பட்டன. அவற்றின் ஐசோடோப்பு விகிதங்கள் சூரியக் குடும்பத்தின் எதனோடும் பொருந்தவில்லை. சூரியனுக்கு முன்பே இருந்த துகள்கள் அவை. பெரும்பான்மையானவை கார்பன் பெருமீன்களில் பிறந்தவை.

2004இல் இந்தத் துகள்களில் ருத்தேனியத்தை அளந்தபோது ருத்தேனியம்-99 எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்தது. டெக்னீசியம்-99 சிதைந்தால் கிடைப்பது அதுதான். துகள் உறையும்போது டெக்னீசியம் உயிரோடு உள்ளே போய் அடைபட்டு, அங்கேயே சிதைந்திருக்கிறது. ஆர் ஆண்ட்ரோமீடேயின் ஒளியில் கோடாகத் தெரிந்த அதே அணு, வேறொரு பெருமீனிலிருந்து தூசியில் ஏறி, 450 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியனை உருவாக்கிய மேகத்தில் கலந்திருக்கிறது. உலையில் உண்டாகி, மேற்பரப்புக்கு வந்து, தூசியாக வெளியேறி, இன்னொரு குடும்பத்தில் சேர்ந்த முழு வழியையும் ஒரே அணு கடந்ததற்கான பொருள் ஆதாரம் இது. என்னைக் கேட்டால் இந்த வழக்கின் தீர்ப்பு 1952இல் வந்ததைவிட 2004இல்தான் உறுதியானது.

பங்கு எவ்வளவு

சூரியக் குடும்பத்தில் உள்ள பேரியத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இந்த மெதுவழியில் வந்தது. யூரோப்பியம், தங்கம், பிளாட்டினம் பெரும்பாலும் வேகவழியில், அதாவது சிதைய நேரமே இல்லாமல் நியூட்ரான்களை அடுத்தடுத்து விழுங்கும் வழியில், வந்தவை. நியூட்ரான் விண்மீன்கள் மோதும்போது அது நடக்கிறது என்பதை 2017 ஆகஸ்ட் 17 அன்று கண்டறியப்பட்ட அத்தகைய மோதல் காட்டியது. மெதுவழிக்குக் காலதாமதம் உண்டு. பெருமீன்கள் முதுமை எய்தவே பல கோடி ஆண்டுகள் வேண்டும். அதனால் பால்வெளியின் மிகப் பழைய விண்மீன்களில் பேரியம்கூட வேகவழியின் தடத்தோடுதான் இருக்க வேண்டும் என்று ஜேம்ஸ் ட்ரூரன் 1981இல் வாதிட்டார். பேரியம், யூரோப்பிய விகிதம் பொதுவாக அப்படியே அமைந்தது.

இரும்பு குறைந்த விண்மீன்களில் கதை வேறு. விதை குறைவு, நியூட்ரான் ஏறத்தாழ அதே அளவு. ஒவ்வொரு விதைக்கும் பங்கு கூடும். இரும்பு-56 பேரியம்-138 ஆக 82 துகள்கள் சேர வேண்டும். ஈயம்-208 ஆக 152. விதை குறைந்த இடத்தில் ஓட்டம் கடைசிவரை போய் ஈயத்தில் தேங்கும். அப்படி ஈயம் குவிந்த மூன்று விண்மீன்களை 2001இல் சோஃபி வான் எக் குழுவினர் அறிவித்தார்கள். கணிப்பு முன்பே இருந்தது. விண்மீன்கள் பிறகு கிடைத்தன.

ஆனால் இரும்பு குறைந்த, கார்பன் மிகுந்த சில பழைய விண்மீன்களில் பேரியமும் யூரோப்பியமும் ஒருசேர மிகுந்திருக்கின்றன. மெதுவழியில் அவ்வளவு யூரோப்பியம் வராது; வேகவழியில் அவ்வளவு பேரியம் வராது. இரண்டுக்கும் இடைப்பட்ட நியூட்ரான் அடர்த்தியில் நடக்கும் மூன்றாவது வழியைக் கோவன், ரோஸ் இருவரும் 1977லேயே எழுதிவைத்தார்கள்; ஹைட்ரஜன் நேராக ஹீலியம் துடிப்புக்குள் விழுந்தால் அப்படி ஒரு நியூட்ரான் வெள்ளம் வரலாம். இப்போது அந்தக் கணக்குகளைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். அது முதிய பெருமீன்களிலேயே நடக்கிறதா, பொருளை உறிஞ்சும் வெண்குறுமீன்களில் நடக்கிறதா என்ற விவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.